வெளியே போனவர் எங்கே போகணும்?



பேட் பிடிப்பது எப்படி, யார்க்கர் போடுவது எப்படி என்று சொல்லித் தர நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஹாஸ்டல் வராண்டாவில் நின்றாலே பத்துப் பேர் வந்து பாடம் எடுப்பார்கள். ஆனால் அம்பயர் ஒரு ஆட்டக்காரரை "வெளியே போ" என்று சொன்ன பிறகு அடுத்தது என்ன நடக்கணும்? இதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அது தெரியாததால் ஒரு மேட்ச் பாதியில் நின்றது, ஒரு சின்னப் பையன் நெற்றியில் தையல் விழுந்தது, ஒரு நட்பு ஒரு செமஸ்டர் முழுக்க அறுந்து கிடந்தது. அந்த மேட்ச்சின் அம்பயர் வேறு யாருமில்லை, இதை எழுதும் நானேதான்.

கண்மாய்க்குள் நடந்த கதை

மதுரையைச் சுற்றி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே காட்சிதான். கண்மாயில் தண்ணீர் வற்றினால் போதும், நடுவே பிட்ச் விழுந்துவிடும். வைகை வறண்டால் ஆற்று மணலிலும் ஆட்டம்தான். டென்னிஸ் பால், 10 ஓவர், நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை, மைக் செட். அம்பயர் மட்டும் சம்பளத்துக்கு வருபவரல்ல. பெரும்பாலும் பேட்டிங் டீமில் அவுட்டாகி உட்கார்ந்திருப்பவரே தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்பார்.

அன்று ஒரு கிராமத்தில் அரையிறுதி. எங்கள் ஹாஸ்டல் டீமுக்கும் உள்ளூர் டீமுக்கும் போட்டி. ஆளுக்கொரு அம்பயர் என்று பேசி முடிவானது. எனக்கு விரலில் அடிபட்டிருந்ததால் எங்கள் பக்கத்து அம்பயர் நான். கடைசிக்கு முந்தைய ஓவரைப் போட்டவன் என் ரூம்மேட். மூன்றாவது பந்து ஃபுல் டாஸ், பேட்ஸ்மேனின் இடுப்புக்கு மேலே போனது. நோ பால் கொடுத்தேன்.

"மாப்ள, எதுடா நோ பால்? கண்ணு தெரியுதா உனக்கு?"

"போய் பந்தைப் போடுடா."

"நீ எங்க டீமா, அவனுங்க டீமா?" என்று கேட்டபடியே வந்து என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். எனக்கும் ரத்தம் கொதித்தது. "வெளியே போடா!" என்று கத்தினேன். பவுண்டரியைத் தாண்டிப் போனான். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தோழர்களே, நான் கோட்டை விட்டேன்.

அவன் போய் நின்ற இடம், கருவேல மரத்தடியில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பையனின் பெஞ்சு. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. "அந்த நோ பாலை அடிச்சிடு" என்று இவன் மிரட்ட, "எங்க ஊருக்கு வந்து எங்க பையனையே மிரட்டுறியா?" என்று நாலு பேர் வர, நம்ம ஆட்கள் அங்கே ஓட, யாரோ ஸ்டம்பைப் பிடுங்க... விலக்கப் போன அந்தப் பையனுக்கு நெற்றியில் 3 தையல். போட்டி ரத்து. சுழற்கோப்பை அந்த வருஷம் யாருக்கும் சுழலவில்லை. பேருந்தில் திரும்பும்போது நானும் என் ரூம்மேட்டும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். கிரிக்கெட் சட்டங்களை வகுப்பது லண்டனில் உள்ள எம்.சி.சி. 2017 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த தொகுப்பில் 42-ஆம் சட்டம் முழுக்க ஆட்டக்காரரின் நடத்தையைப் பற்றியதுதான். அதற்கு முன்னால் ஒருவரை மைதானத்தை விட்டு அனுப்பும் அதிகாரம் அம்பயருக்குச் சட்டப்படி இல்லவே இல்லை! 1991 ஜனவரியில் ஜாம்ஷெட்பூரில் நடந்த துலீப் கோப்பை இறுதியாட்டத்தில் ரஷீத் படேல் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ராமன் லம்பாவைத் துரத்தியது பழைய ஆட்களுக்கு ஞாபகமிருக்கும். படேலுக்கு 13 மாதமும் லம்பாவுக்கு 10 மாதமும் தடை விழுந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு கமிட்டி கூடிக் கொடுத்தது. அந்த நிமிஷத்தில் அம்பயர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை.

இப்போது குற்றங்கள் நான்கு நிலை.

முதல் நிலை: தீர்ப்பை எதிர்த்து முகம் சுளிப்பது, கெட்ட வார்த்தை பேசுவது, ஸ்டம்பை உதைப்பது, அளவுக்கு மீறி அப்பீல் கேட்பது. முதல் தடவை கேப்டனைக் கூப்பிட்டு எச்சரிக்கை. அது டீம் முழுவதற்கும் பொருந்தும். அதே மேட்ச்சில் அந்த டீமில் வேறு யார் மறுபடி செய்தாலும் எதிரணிக்கு 5 ரன்.

இரண்டாம் நிலை: கடுமையான எதிர்ப்பு, வேண்டுமென்றே இன்னொரு ஆட்டக்காரரை இடிப்பது, ஆபத்தாக ஆள்மேல் பந்தை எறிவது. எச்சரிக்கையெல்லாம் கிடையாது, உடனே 5 ரன்.

மூன்றாம் நிலை: அம்பயரைப் பேச்சாலோ சைகையாலோ பயமுறுத்துவது, அல்லது மற்றவரை அடிப்பேன் என்று மிரட்டுவது. 5 ரன்னோடு தற்காலிக வெளியேற்றம். ஓவர் கணக்குள்ள ஆட்டத்தில் இன்னிங்ஸின் ஐந்தில் ஒரு பங்கு வெளியே இருக்கணும். 20 ஓவர் ஆட்டமென்றால் 4 ஓவர், நம்ம 10 ஓவர் ஆட்டமென்றால் 2 ஓவர்.

நான்காம் நிலை: அம்பயரை அடிப்பேன் என்று மிரட்டுவது, அவர் மேல் வேண்டுமென்றே கை வைப்பது, யாரையாவது அடிப்பது. 5 ரன்னோடு அந்த மேட்ச் முடியும் வரை வெளியே.

என் ரூம்மேட் செய்தது சந்தேகமில்லாமல் நான்காம் நிலை. ஆகவே அவனை அனுப்பியது சரிதான். அனுப்பிய விதமும், அனுப்பிய பிறகு நான் சும்மா நின்றதும்தான் தப்பு.

அனுப்பும் முறை

ஒன்று: முதலில் டெட் பால் சொல்லி ஆட்டத்தை நிறுத்தணும். பிறகு இரண்டு அம்பயரும் தனியே சேர்ந்து பேசி, குற்றம் நடந்ததா, எந்த நிலை என்று முடிவு செய்யணும். ஒருவர் கோபத்தில் எடுக்கும் முடிவு இது இல்லை. ஆளுக்கொரு டீம் அம்பயராக நிற்கும் நம் ஊர் மேட்ச்சில் இது இன்னும் முக்கியம். நான் அந்த உள்ளூர் அம்பயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு: பேச வேண்டியது தப்பு செய்தவரிடம் இல்லை, அவர் கேப்டனிடம். "உங்க ஆளை வெளியே அனுப்புங்க" என்பதோடு அம்பயரின் வேலை நின்றுவிடும். குற்றவாளி பேட்ஸ்மேன் என்றால் பிட்ச்சில் நிற்கும் கூட்டாளி கேப்டனுக்குப் பதிலாளாக முடியாது, கேப்டனையே உள்ளே வரவழைக்கணும்.

மூன்று: "நீ, வா, போடா" வேண்டாம். ரூம்மேட்டாக இருந்தாலும் தொப்பி தலையில் இருக்கும்வரை "நீங்க, வாங்க, போங்க"தான். நான் "போடா" என்றதும் அது அம்பயர் தீர்ப்பாக இல்லாமல் ரெண்டு பேர் சண்டையாகிவிட்டது. ஊர்ப் பெயரையோ சாதியையோ ஒருவர் இழுத்துவிட்டால் எவ்வளவு சீக்கிரம் கண்மாய் இரண்டாகப் பிரியும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வார்த்தையிலேயே அதை நிறுத்தணும்.

நான்கு: ஆட்டக் கணக்கைச் சரியாகச் சொல்லணும். வெளியே போன ஃபீல்டருக்குப் பதிலாள் கிடையாது, 10 பேரோடுதான் ஆடணும். பவுலர் என்றால் மிச்சப் பந்தை வேறொருவர் போடணும். அவர் முந்தைய ஓவரைப் போட்டவராக இருக்கக்கூடாது, அடுத்த ஓவரையும் போடக்கூடாது. பேட்ஸ்மேன் மூன்றாம் நிலையில் போனால் 'ரிட்டயர்டு நாட் அவுட்', நான்காம் நிலையில் போனால் 'ரிட்டயர்டு அவுட்'. இதை ஸ்கோரரிடம் போய்ச் சொல்லி எழுத வைக்கணும். அன்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பையனிடம் யாரும் நியாயம் கேட்கப் போயிருக்க மாட்டார்கள்.

போன பிறகு?

கிரிக்கெட் சட்டத்தில் மைதானத்தை விட்டு வெளியே என்று இருக்கிறதே தவிர, அதன் பிறகு அவர் எங்கே இருக்கணும் என்பது நம் ஊர் ஆட்டத்தில் யாருக்கும் தெளிவில்லை. இதில் பேஸ்பால் நமக்கு வாத்தியார். அமெரிக்காவின் பெரிய லீக் விதிப்படி, வெளியேற்றப்பட்டவர் உடை மாற்றும் அறையில் இருக்கணும். அல்லது சீருடையை மாற்றிக்கொண்டு மைதானத்தை விட்டே போகணும். அதுவும் இல்லையென்றால் தன் டீம் பெஞ்சிலிருந்து நன்றாகத் தள்ளிப் பார்வையாளர் பகுதியில் உட்காரணும். 1999 ஜூனில் நியூயார்க் மெட்ஸ் அணியின் மேனேஜர் பாபி வாலன்டைன் வெளியேற்றப்பட்ட பிறகு கறுப்புக் கண்ணாடியும் பொய் மீசையும் வைத்துக்கொண்டு டீம் பெஞ்சு பக்கம் வந்து நின்றார்! நம்ம ஊர் சினிமாவில் மச்சம் வைத்தால் அடையாளம் தெரியாத மாதிரி. கேமரா விடவில்லை. 2 ஆட்டத் தடை, 5,000 டாலர் அபராதம்.

கால்பந்திலும் சிவப்பு அட்டை வாங்கியவர் மைதானத்தின் அருகிலேயே நிற்கக்கூடாது. அந்த அட்டைகள் பிறந்த கதையும் ஒரு வெளியேற்றத்தில்தான் தொடங்குகிறது. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மன் நடுவர் வெளியே அனுப்பினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ராட்டின் பல நிமிடம் நகரவே இல்லை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த நடுவர் குழுவின் கென் ஆஸ்டன், போக்குவரத்து விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டை யோசனையைச் சொன்னார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டை வந்தது. தீர்ப்பு எல்லோருக்கும் புரியும்படி இருந்தால் பாதிச் சண்டை குறையும் என்பதுதான் இதன் பாடம். நம்ம கபடியிலும் இன்று பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் இருக்கின்றனவே!

சரி, போக மாட்டேன் என்றால்? கையைப் பிடித்து இழுப்பது அம்பயர் வேலையில்லை. கேப்டன் அனுப்ப மறுத்தால், மேட்ச்சையே எதிரணிக்குக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கேப்டனிடம் அதை அமைதியாகச் சொன்னால் போதும், அவரே தோளில் கை போட்டு அழைத்துப் போய்விடுவார்.

நல்ல கேப்டன் அதுவரை காத்திருப்பதுமில்லை. 2022 செப்டம்பரில் நம்ம கோயம்புத்தூரிலேயே துலீப் கோப்பை இறுதியாட்டம். மேற்கு மண்டலத்தின் யஷஸ்வி ஜெய்ஸ்வால், தெற்கு மண்டல பேட்ஸ்மேனிடம் எச்சரிக்கைக்குப் பிறகும் வாயாடிக்கொண்டே இருந்தார். அதே மேட்ச்சில் 265 ரன் அடித்த ஹீரோ அவர். ஆனாலும் கேப்டன் அஜிங்க்ய ரஹானே தன் ஆளைத் தானே வெளியே போகச் சொன்னார். கோபம் ஆறிச் சில ஓவர் கழித்து ஜெய்ஸ்வால் திரும்பி வந்தார், மேற்கு மண்டலமும் ஜெயித்தது. மானம் ஒன்றும் போய்விடவில்லை!

நம் மைதானத்துக்கு என் யோசனை

இப்போது நான் அம்பயராக நின்றால் டாஸுக்கு முன்பே இரண்டு கேப்டனையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்: வெளியேற்றப்பட்டவர் ஸ்கோரர் பக்கமோ டீம் பக்கமோ நிற்கக்கூடாது. வண்டி நிறுத்தும் இடத்துக்கோ டீக்கடைக்கோ போகணும், கூட ஒரு பெரியவர் போகணும். ஸ்கோரர் பக்கத்தில் கமிட்டி ஆள் ஒருவர் உட்காரணும். அவர் போய்ச் சேரும் வரை அடுத்த பந்து கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அம்பயர் இருவரும் சேர்ந்தே கிளம்பணும், அன்றைக்கே நடந்ததை எழுதிக் கமிட்டியிடம் கொடுக்கணும். அன்றிரவு அவரிடம் நியாயம் பேசக்கூடாது. அடுத்த மேட்ச்சில் பழசை மனசில் வைத்துத் தீர்ப்பு சொல்லவும் கூடாது. தண்டனை முடிந்தது என்றால் முடிந்ததுதான்.

எலக்ட்ரிகல் தோழர்களுக்குப் புரியும்படி சொன்னால், வெளியேற்றம் என்பது ஃப்யூஸ் மாதிரி. ஒரு கம்பி போனால் வீடு தப்பிக்கும். போன ஃப்யூஸைக் கையில் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருப்பவன் எலக்ட்ரீஷியன் இல்லை.

தையல் பிரித்த பிறகு நானும் என் ரூம்மேட்டும் தனித்தனியே அந்தப் பையனைப் பார்க்கப் போயிருக்கிறோம். ஒருவர் போனது மற்றவருக்குத் தெரியாது. "நேத்துதாண்ணே அந்த அண்ணனும் வந்தாரு" என்று அவன்தான் சொன்னான். அன்று இரவு ரூமில் நான் முதலில் வாயைத் திறந்தேன்: "நான் 'போடா'ன்னு சொல்லியிருக்கக்கூடாது." அவன் சொன்னான்: "நோ பால்தான் மாப்ள. எனக்கே தெரியும்."

இந்த வருஷ விளையாட்டு விழாவுக்கு மேலே சொன்ன நான்கு நிலைகளையும் ஒரு சார்ட்டில் எழுதி ஸ்கோரர் மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்தோம், பார்த்திருப்பீர்கள். அந்த அழகான டிராயிங் எழுத்து என் ரூம்மேட்டுடையது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அது ஆட்டக்காரருக்கு மட்டுமில்லை, அம்பயருக்கும்தான்.

ஆடுவோம்! போகச் சொன்னால் மரியாதையாகப் போவோம்! அடுத்த மேட்ச்சுக்கு மரியாதையாகத் திரும்பி வருவோம்!