காக்ளியர் உள்வைப்புக்குப் பிந்தைய கேட்டல் மறுவாழ்வு (வளர்ந்தோர்)

காக்ளியர் உள்வைப்புக்குப் பிந்தைய கேட்டல் மறுவாழ்வு என்பது, அறுவை மருத்துவத்தின் மூலம் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டவர்கள், அக்கருவி தரும் மின்தூண்டல்களைப் பேச்சாகவும் பிற ஒலிகளாகவும் புரிந்துகொள்ளப் பெறும் பயிற்சி ஆகும். மூக்குக்கண்ணாடி அணிந்தவுடன் பார்வை தெளிவது போல, கருவி பொருத்தியவுடன் பேச்சு தெளிவதில்லை. கருவி செவிநரம்பைத் தூண்டுகிறது. அத்தூண்டலுக்குப் பொருள் காண மூளை பழக வேண்டும்.

கருவி இயங்கும் முறை

உட்செவியில் நத்தைக்கூடு போன்று சுருண்டுள்ள காக்ளியாவில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. இவை பெருமளவு சிதைந்தவர்களுக்கு, ஒலியைப் பெருக்கித் தரும் காது கேட்கும் கருவி போதிய பயன் தருவதில்லை. காக்ளியர் கருவியின் ஒலிச்செயலி காதின் பின்புறம் அணியப்படுகிறது. அது ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, தோலுக்கடியில் உள்ள பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் செவிநரம்பைத் தூண்டுகின்றன. இயல்பான செவியின் நுண்மை இதில் இல்லாததால், தொடக்கத்தில் பேச்சு இயந்திரக் குரல் போல ஒலிப்பதாகப் பலர் கூறுவர்.

வரலாறு

1957 இல் பாரிசில் ஆந்திரே சூர்னோ, சார்லசு எரியே ஆகியோர் செவிநரம்பை மின்னால் தூண்டும் கருவியை ஒருவருக்குப் பொருத்தினர். பயிற்சிக்குப் பின் அவர் சில சொற்களை வேறுபடுத்தி அறிந்தாலும் உரையாடலைப் புரிந்துகொள்ள இயலவில்லை. 1978 இல் மெல்பேர்ணில் கிரயெம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியை, விபத்தில் செவித்திறன் இழந்த ஒருவருக்குப் பொருத்தினார். இவ்விருவருமே வளர்ந்தோர்.

பயிற்சி நிலைகள்

அறுவைக்குப் பின் சில வாரங்களில் கருவி இயக்கப்பட்டு, ஒவ்வொரு மின்முனைக்கும் ஏற்ற மின்னளவு வரையறுக்கப்படுகிறது. இவ்வளவு பின்னர் பலமுறை திருத்தப்படும். பயிற்சி நான்கு நிலைகளில் அமையும்:

1. உணர்தல் - ஒலி உண்டா, இல்லையா என அறிதல்.
2. வேறுபடுத்தல் - இரண்டு ஒலிகள் ஒன்றா, வேறா என அறிதல்.
3. இனங்காணல் - கேட்ட சொல் இன்னதெனக் கூறுதல்.
4. புரிதல் - வினாவுக்கு விடையளித்தல், உரையாடுதல்.

தமிழில் படம், பாடம் போன்ற குறில் நெடில் இணைகளை ஒலிக்கும் கால அளவைக் கொண்டு பிரித்தறியலாம். வலி, வளி, வழி போன்றவற்றை அவ்வாறு பிரிக்க இயலாது. நுண்ணிய அதிர்வெண் வேறுபாட்டையும் சொற்றொடரின் பொருளையும் சார்ந்திருக்க வேண்டும். ஆகவே எளிய இணைகளில் தொடங்கி அரிய இணைகளுக்குச் செல்வது பயனளிக்கும். இரைச்சலிடையே கேட்டல், தொலைபேசியில் பேசுதல், இசையை நுகர்தல் ஆகியன கடினமானவை.

பயனை முடிவு செய்யும் காரணிகள்

மொழியைக் கற்றபின் செவித்திறன் இழந்தவர்களுக்குப் பேச்சொலி நினைவு துணை நிற்கிறது. செவித்திறன் இழந்து நெடுங்காலம் ஆனவர்களுக்கு முன்னேற்றம் பொதுவாகக் குறைவு. பிறவியிலேயே கேளாதிருந்து, வளர்ந்தபின் கருவி பெறுவோருள் பலருக்கு ஒலிகளை உணரும் அளவிலேயே பயன் நின்றுவிடலாம். பொதுவாக முதல் ஓராண்டிலேயே பெரும் முன்னேற்றம் காணப்படுகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் காக்ளியர் உதவி சிறு குழந்தைகளை முன்வைத்தே அமைந்தது. கருவியின் விலை பல இலட்சம் உரூபாய் என்பதால், வளர்ந்தோருக்குச் செலவே முதல் தடையாகிறது. அடுத்த தடை தொலைவு. விழுப்புரம் மாவட்டத்தின் வல்லம் போன்ற ஊரகப் பகுதிகளில் வாழ்வோர், கருவியைச் சீரமைக்கவும் பயிற்சி பெறவும் பெருநகர மருத்துவமனைகளுக்குப் பலமுறை செல்ல நேர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும்.

எனவே வீட்டுப் பயிற்சி இன்றியமையாதது. நாள்தோறும் குடும்பத்தினர் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லலாம். முதலில் முகம் பார்த்தும், பின்னர் பாராமலும் இதைச் செய்வர். உடனிருப்போர் கத்தாமல், அருகிலிருந்து, நிதானமாகப் பேச வேண்டும். கருவியை விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிந்திருப்பதும் பயிற்சியே. அணியாது பெட்டியில் வைக்கப்பட்ட கருவியால், அறுவைக்குச் செலவிட்ட பொருளும் பட்ட துன்பமும் வீணாகும்.