வைகைக் கரையில் வண்டித் தங்கல்

சித்திரை பிறந்துவிட்டால் இராமநாதபுரம் சீமையில் உழவருக்கு வேலை சற்றே ஓயும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்த நெல், தை மாசியில் வீடு வந்து சேர்ந்திருக்கும். முண்டு மிளகாய் பழுத்து, காய்ந்து, மூட்டையாகி மண்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் வானத்தைப் பார்த்திருந்த குடியானவன் கையில் நாலு காசு புழங்குவது இந்நாட்களில்தான். அந்நேரம் பார்த்துப் பரமக்குடியில் சித்திரைத் திருவிழா வருகிறது. சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகர் கோலம் பூண்டு வைகையில் இறங்கும் காட்சியைக் காணச் சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் திரண்டு வருகின்றனர்.

பரமக்குடியும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள எமனேஸ்வரமும் நெசவுக்குப் பேர்போன ஊர்கள். சுற்றிலும் இருப்பவையோ வானம்பார்த்த நிலங்கள். எனவே இத்திருவிழா நெசவாளரும் விளைவிப்போரும் ஒரே மணலில் கூடும் நாளாகும். மதுரையில் அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அவ்வாண்டு விளைச்சல் செழிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. நெசவாளன் நெய்த பட்டின் நிறத்தைப் பார்த்து உழவன் தன் ஆண்டைக் கணிக்கிறான். நம் இரு தொழில்களுக்கும் உள்ள உறவை இதைவிட அழகாகச் சொல்ல இயலாது.

இத்தகைய திருவிழாவுக்குச் சென்று, இரண்டு மூன்று இரவு அங்கேயே தங்கி வருவதைப் பற்றி இங்குச் சிறிது ஆராய்வோம்.

சக்கரத்தின் மேல் ஒரு வீடு

பேருந்துகள் பெருகுவதற்கு முன், திருவிழாவுக்குப் போவதென்றால் கூண்டு வண்டி கட்ட வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே வேலை தொடங்கிவிடும். மாட்டுக்கு லாடம் அடித்து, அச்சுக்கு மை இட்டு, கடையாணியைச் சரிபார்ப்பார் வீட்டுக்காரர். அரிசி, பருப்பு, புளி, வற்றல் முதலியவற்றை மூட்டை கட்டுவார் வீட்டுக்காரி. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கும் சமுக்காளமும் விரித்தால் அது பகலில் வாகனம், இரவில் படுக்கையறை. கரை சேர்ந்ததும் மாட்டை அவிழ்த்து, நுகத்தடியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, மூன்று கல்லை அடுப்பாகக் கூட்டினால் அடுப்பங்கரையும் அமைந்துவிடும். வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு வந்தது போலத்தான்.

இவ்வழக்கம் அடியோடு மறைந்துவிடவில்லை. கமுதிப் பக்கத்துச் சிற்றூர் மக்கள் அண்மை ஆண்டுகளிலும் மாட்டுவண்டிகளை வரிசையாகக் கட்டிக்கொண்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலுக்குச் சென்று திரும்பியிருக்கின்றனர். மற்றவர்களுக்கு வண்டியின் இடத்தில் வேனும், கூண்டின் இடத்தில் தார்ப்பாயும் வந்திருக்கின்றன. வாகனம் மாறினாலும் தங்கலின் இன்ப துன்பங்கள் மாறவில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் பெருஞ்சந்தை 1854-ஆம் ஆண்டில் தொடங்கி, 1886 முதல் டெமாயின் நகரின் இன்றைய திடலில் நடைபெற்று வருகிறது. கோடையில், ஆகஸ்டு மாதத்தில் கூடும் அச்சந்தையை ஒட்டிய மேட்டில் உழவர் குடும்பங்கள் கூடாரமிட்டுத் தங்கி வந்தன. இன்று படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அமைந்த மோட்டார் வண்டிகளில் கணவனும் மனைவியும் வந்து அங்கே தங்குகின்றனர். நம் கூண்டு வண்டியின் நோக்கமும் அதன் நோக்கமும் ஒன்றே: திருநாள் முடியும்வரை அதன் அருகிலேயே வாழ்வது.

பார்ப்பவர் யார்?

ஒரு கணவனும் மனைவியும் பரமக்குடிக்கு வந்து மூன்று நாள் தங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வீடு திரும்பியபின் அக்கம்பக்கத்தார் விசாரிக்கின்றனர். அழகர் இறங்கிய அழகையும், தோல்பையால் நீர் பீய்ச்சிய அடியார் கூட்டத்தையும், கடைவீதியையும், வாணவேடிக்கையையும் கணவர் விரித்துரைக்கிறார். மனைவி என்ன சொல்லுவார்? விறகு ஈரமாயிருந்தது, குடத்துக்கு நெடுநேரம் வரிசையில் நிற்க நேர்ந்தது, பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லை என்பனவே அவர் கண்ட திருவிழா. இருவரும் போனார்கள், ஒருவர்தான் பார்த்தார்.

இதில் கணவர் கொடியவர் என்பதில்லை. வண்டியையும் பண்டங்களையும் விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து போக இயலாது. யாரேனும் ஒருவர் இருந்தாக வேண்டும். சமையலும் காவலும் ஒரே இடத்தில் அமைந்துவிடுவதால், சமைப்பவரே காவலும் ஆகிவிடுகிறார். ஆண்டு முழுவதும் தார் சுற்றியும் பாவுக்குத் துணைநின்றும் உழைக்கும் நெசவாளர் வீட்டுப் பெண்ணும், வெயிலில் மிளகாய் பறித்த குடியானவர் வீட்டுப் பெண்ணும் ஓய்வு பெற வேண்டிய மூன்று நாளில், அதே அடுப்பை மணலுக்கு மாற்றிக்கொள்வதே கண்ட பலன் என்றால், அத்திருவிழா யாருக்கு?

இச்சிக்கலைத் தனி ஒரு குடும்பம் தீர்த்துக்கொள்ள முடியாது. பல குடும்பங்கள் சேர்ந்தால் எளிதில் தீரும்.

கூட்டுக் கணக்கு

ஐந்து குடும்பங்கள் சேர்ந்து போகின்றன என்போம். கணவன் மனைவியாகப் பெரியவர் பத்துப் பேர். மூன்று நாளையும் பகல், இரவு என்று பிரித்தால் ஆறு முறைகள் ஆகும். தனித்தனி அடுப்பு என்றால் ஐந்து பெண்களும் ஆறு முறையும் அடுப்படியிலே கட்டுண்டு கிடப்பர். ஆக முப்பது முறை உழைப்பு. ஒரே அடுப்பாக்கி, முறைக்கு இருவர் மட்டும் இருந்து, ஒருவர் சமையலையும் மற்றவர் தண்ணீரையும் காவலையும் கவனித்தால் பன்னிரண்டு முறையில் வேலை முடிகிறது. பத்துப் பேரில் எண்மருக்கு ஒரு முறை, இருவருக்கு மட்டும் இரண்டு முறை. எஞ்சிய நேரமெல்லாம் அவரவர்க்குச் சொந்தம்.

சமையல் முறை ஆண்களுக்கும் உண்டா என்று கேட்கலாம். நம் ஊர்க் கல்யாணங்களில் அண்டா ஏற்றிச் சமைப்பவர் பெரும்பாலும் ஆண்களே. பத்துப் பேருக்குச் சோறு வடிப்பதில் அவர்களுக்கு என்ன தயக்கம்? காய்கறிகளை நறுக்கிக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் கிளம்பினால் சமைப்பவர்க்குச் சுமை குறையும்.

அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில் யாவரும் அங்கிருக்கவே விரும்புவர். முதல்நாள் இரவே புளியோதரையும் கட்டுச்சோறும் செய்து வைத்தால் அவ்வேளைக்கு அடுப்பு வேண்டாம். காவலுக்கு இருவர் போதும். அந்த இருவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு காவல்முறையில் அவர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டும். எழுதாத ஏற்பாடு நினைவில் நில்லாது. மனத்தாங்கலுக்கே வழிவகுக்கும் என்பதைச் சங்கத்தில் பழகிய நாம் அறிவோம்.

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், பங்கு எவ்வளவாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்ற நெறியைக் கைக்கொண்டது. பெண்களும் அதில் அங்கத்தினராகி வாக்களிக்க இடமிருந்தது. சங்கக் கூட்டத்தில் நாம் போற்றும் அந்நெறியை வண்டித் தங்கலிலும் கடைப்பிடிப்பதே நம் யோசனை.

இடமும் நீரும்

வண்டியையோ வேனையோ கரையின் மேட்டில் நிறுத்துதல் நலம். கோடையில் வைகை வறண்டு, மணல் மெத்தைபோல் தோன்றும். ஆயினும் இரவில் ஆற்றுக்குள் படுத்துறங்குதல் ஆகாது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்ட பின்னர் ஆற்றில் நீர் வருவதும் நிற்பதும் அணையின் மதகைப் பொறுத்தவை. மேற்கே கோடைமழை பெய்தாலும் நீர் வரக்கூடும். நீர் திறப்பு அறிவிப்பைக் கேட்டறிந்த பின்னரே பிள்ளைகளை ஆற்றில் விளையாட விட வேண்டும்.

குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் சேர்த்து, தங்குமிடங்களில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டும் என்பது உலக அளவில் வகுத்துள்ள கணக்கு. பெரியவர் பத்துப் பேருக்கே 150 லிட்டர் ஆகிறது. கோடையில் ஓர் உழவு மாடு நாற்பது லிட்டர் வரை குடிக்கும். ஆகவே நீர் கிடைக்கும் இடத்தை முன்னதாக ஒருவர் சென்று பார்த்து வருவது அவசியம். குடிநீரை மூடிய பாத்திரத்தில் தனியே வைத்து, கைபடாமல் அகப்பையால் மொண்டு கொடுத்தல் வேண்டும்.

திருவிழாக்களில் காலரா பரவி ஊர் ஊராக உயிர் மாய்ந்த காலம் ஒன்று இருந்தது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே வகுத்தது இக்காரணத்தால்தான். அரசும் நகராட்சியும் ஏற்பாடு செய்யினும், கழிப்பிடத்தை மட்டுமே பயன்படுத்துவது நம் கடமை. பெண்களுக்குக் கழிப்பிடம் அருகிலும் வெளிச்சத்திலும் இருக்குமாறு இடம் தேர்ந்தால், இருட்டும்வரை அடக்கிக் காத்திருக்கும் துன்பம் அவர்களுக்கு இராது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

அடுப்பு வைக்கோலுக்கும் தார்ப்பாய்க்கும் எட்டி, காற்றுப் போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருத்தல் நன்று. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்லச் சட்டம் இடந்தரவில்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதும் அரிதாகும். ஐந்து குடும்பம் சேர்ந்தால் முறையான வேன் ஒன்றை அமர்த்தும் செலவு பெரிதன்று.

நெரிசலைப் பற்றியும் ஒரு சொல். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். கைக்குழந்தையோடும் முதியவரோடும் கூட்டத்தின் நடுவே புகாமல், கரையில் விலகி நின்று தரிசிப்பதே அறிவுடைமை. பிள்ளைகளின் சட்டைப்பையில் பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

பணப்பையும் பொதுநிதியும்

மிளகாய் விற்ற பணம் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வருவது நம்மவர் வழக்கம். சங்கத்துக் கடன் தவணையை முதலில் கட்டிவிட்டு, எஞ்சியதில் செலவுக்கென ஒரு தொகையை மட்டும் எடுத்து வருவது நிம்மதி தரும். உணவுக்கும் வாகனத்துக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பொதுநிதி சேர்த்து, செலவை அன்றன்று எழுதி, கடைசி நாளில் படித்துக்காட்டி, மீதியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். புத்தாடை வாங்குவோர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கைத்தறியையே வாங்கினால், ஒரு கரையின் பணம் மறுகரையின் தறியை ஓட்டும்.

கடற்கரையிலும் இதே நெறி

இம்முறை வைகைக் கரைக்கு மட்டும் உரியதன்று. ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் செல்வோருக்கும், சந்தனக்கூட்டுக்கு ஏர்வாடி செல்வோருக்கும் பொருந்தும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகில் செல்வோர் அத்தீவிலேயே இரவு தங்குகின்றனர். அங்கே குடிநீர் ஊற்று இல்லை. எனவே நீரைப் பங்கிட்டுக் குடிக்கும் ஒழுங்கு அங்கே உயிர்நாடியாகிறது. நிலத்தில் வண்டியோ கடலில் படகோ, பல குடும்பங்கள் ஓரிடத்தில் தங்கும்போது ஒருவர் வசதி மற்றவர் ஒழுங்கைச் சார்ந்தே இருக்கிறது.

அங்கத்தினர்கள் வரும் திருவிழாவுக்குப் புறப்படும் முன், பங்குனி மாதக் கூட்டத்தின் முடிவில் கால்மணி நேரம் ஒதுக்கி இதைப் பேசலாம். ஐந்து ஐந்து குடும்பமாகச் சேர்ந்து, முறைப் பட்டியலை எழுதலாம். அக்கூட்டத்துக்குப் பெண்களையும் அழைத்து, பட்டியலில் முதற் பெயரை அவர்களே சொல்லட்டும் என்று விடலாம். திருவிழா முடிந்து ஊர் திரும்பியபின், அழகரைப் பற்றிச் சொல்ல இருவருக்கும் கதை இருக்குமாயின், அதுவே நம் கூட்டுறவின் நல்ல இலாபம்.