பொப் டிலனின் பாடல்களில் விவிலியம்

சமயச் சொல் வந்த மாத்திரத்தே படைப்பினைப் பிற்போக்கானதெனத் தள்ளிவிடும் போக்கு முற்போக்கு விமர்சனத்தில் இல்லாமலில்லை. அமெரிக்க ரொக் இசைப் பாடலாசிரியர் பொப் டிலனின் (பிறப்பு: 1941) பாடல்கள் இப்போக்கினை மறுபரிசீலனை செய்ய எம்மைத் தூண்டுகின்றன.

யூதக் குடும்பத்திற் பிறந்த டிலன், கறுப்பின மக்களின் பாடல் மரபினூடாகவும் விவிலியத்தைப் பெற்றுக்கொண்டார். அம்மரபிலே, எகிப்தினின்று இஸ்ரவேலர் மீண்ட கதை அடிமைத்தளை நீங்கும் வேட்கையைக் குறித்தது. 1964 இல் வெளியான ‘த டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சிங்’ இசைத்தட்டின் தலைப்புப் பாடலில், முந்தினோர் பிந்தினோராவர் எனும் நற்செய்திக் கருத்து சமூக மாற்றத்தின் அறிவிப்பாயிற்று. அதே இசைத்தட்டின் பிறிதொரு பாடல், ஐக்கிய அமெரிக்காவின் போர்களை வரிசைப்படுத்தி, கடவுள் தம் பக்கமே என்னும் ஆளுவோரின் உரிமைகோரலை யூதாசின் கதைகொண்டு கேள்விக்குள்ளாக்கியது.

1970களின் பிற்பகுதியில் டிலன் கிறித்தவத்தைத் தழுவினார். 1979 இல் வந்த ‘ஸ்லோ ட்ரெயின் கமிங்’ இசைத்தட்டின் தலைப்புப் பாடல், களஞ்சியங்கள் நிரம்பி வழிகையில் மக்கள் பட்டினி கிடப்பதைச் சாடுகின்றது. ஆயின், அதன் முதற் பாடலிலே உயர்ந்தோர், தாழ்ந்தோர் யாவரும் கடவுளுக்கோ சாத்தானுக்கோ ஊழியராகின்றனர். வர்க்க வேறுபாடு ஈண்டு மறைந்து, தனிமனிதத் தெரிவே முதன்மை பெறுகின்றது.

இதனைத் தனிப்பட்ட மனமாற்றமாக மட்டும் விளக்குதல் போதாது. 1960களின் வெகுசன இயக்கங்கள் தளர்ந்த சூழலில், கூட்டு விடுதலையின் மொழி தனிமனித இரட்சிப்பின் மொழியாகச் சுருங்கிற்று என்பதே எமது கருத்து. ஆகவே, ஒரு பாடலில் சமயச் சொல்லைக் காணும் விமர்சகன், அது யாருக்காக, எவ்வரலாற்றுச் சூழலிற் பேசுகின்றது என்று வினவுதல் வேண்டும்.