எச்.ஐ.வி. வந்த வழி: மரபணு சொல்லும் சாட்சி

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் ஏறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். 6 மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலாகத் தெரியவந்தது அப்போதுதான். பரப்பியவர்கள் என்ற பழியும் அந்தப் பெண்கள் மேலேயே விழுந்தது.

அந்தப் பழி நியாயமில்லை என்பதற்கு வைரஸின் மரபணுவே சாட்சி.

எச்.ஐ.வி.யின் மரபணு சுமார் 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். டிசைன் அட்டையைப் படியெடுக்கும்போது ஒரு துளை தவறினால், அதைப் பார்த்து அடிக்கும் எல்லா அட்டைகளிலும் அந்தத் தவறு தொடரும். தவறுகளை ஒப்பிட்டாலே எந்த அட்டை எதன் வழி வந்தது என்று சொல்லிவிடலாம்.

இப்படித்தான் வைரஸை ஏ, பி, சி என உள்வகைகளாகப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் 'பி' அதிகம்; தென்னாப்பிரிக்காவில் 'சி'. இந்தியத் தொற்றுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் 'சி'தான். அவற்றில் பெரும்பாலானவை வம்ச மரத்தில் ஒரே கிளையில் சேர்கின்றன. அதன் வேர் ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகிறது. அதாவது, ஓரிரு முறை உள்ளே வந்த வைரஸே இங்கு பெருகியிருக்கிறது. பிழைகள் சேரும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், 1970களை ஒட்டியே அது வந்துவிட்டது. சென்னையில் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே!

மணிப்பூரில் கதை வேறு. போதை ஊசி பகிர்ந்தவர்களிடம் 'சி'யோடு தாய்லாந்து வகை 'பி'யும், இரண்டும் கலந்த வைரஸ்களும் கிடைத்தன. பரவலின் ஒரு பாதை தென்கிழக்கு ஆசியப் பக்கம் நீள்கிறது என்பதை அவை காட்டின. இத்தகைய தடயம், சுத்தமான ஊசி எங்கே அவசரத் தேவை என்று திட்டமிட உதவும்.

ஆனால், 'இவரிடமிருந்து அவருக்கு வந்தது' என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இருவரின் வைரஸ் ஒத்திருந்தாலும், இடையில் மூன்றாமவர் இருந்திருக்கலாம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மரபணுத் தகவலையும் அதே கண்ணியத்தோடு காக்க வேண்டும். பழிக்கு அஞ்சுகிறவர் பரிசோதனைக்கு வரமாட்டார். வந்தவருக்கோ கூட்டு மருந்து காத்திருக்கிறது: தொடர்ந்து உட்கொண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டால், பாலுறவு வழியாக அது யாருக்கும் பரவாது.