ஒரு மீட்டர் வளையத்துக்குள் 42 மீட்டர் அலை

சிற்றலையில் தமிழ் ஒலிபரப்புக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. டிரான்சிஸ்டரின் ஏரியல் கம்பியை முழுக்க இழுத்துவிட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய், இப்படியும் அப்படியும் சாய்த்துப் பிடித்தால் இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் மேலே வரும். கம்பியின் நீளம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால், கடல் கடந்து வந்த குரலை அது பிடித்துக் கொடுத்துவிடும்.

அதே கம்பி வழியாக நாம் பதில் பேச முடியுமா? இந்தக் கேள்விதான் சிற்றலை ஆன்டெனாப் பொறியியலின் மிகக் கடினமான, மிக அழகான பகுதிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. கேட்பதற்குச் சின்னக் கம்பி போதும். பேசுவதற்கு இயற்கை வேறு கணக்கு வைத்திருக்கிறது.

மாடிவீட்டின் சிக்கல்

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வானொலி அலைகளைத்தான் உயர் அதிர்வெண் அலைகள் என்கிறோம். சிற்றலை ஒலிபரப்புகள் பெரும்பாலும் இதற்குள் அடக்கம். இவற்றின் அலைநீளம் 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை. தரைக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் இந்த அலைகளை வளைத்து மீண்டும் பூமிக்கே அனுப்பிவிடுகிறது. நடுவில் கோபுரம் வேண்டாம், கேபிள் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். வானமே கண்ணாடியாக நின்று வேலை செய்கிறது.

இதன் அருமை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. ஹைதராபாதைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் தலைமையில், சுனாமிக்குச் சில வாரங்கள் முன்பே வானொலி நிலையம் ஒன்றை இயக்க அந்தமான் வந்து தங்கியிருந்தது. கடல் பொங்கித் தொலைபேசிகள் செத்துப்போன வேளையில், போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பியது, ‘ஹாம்’ என்றழைக்கப்படும் அந்த அமெச்சூர் வானொலிதான். சென்னைக்கும் அந்த ஊருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். சிற்றலைக்கு அது ஒரே தாவல்.

இந்திய ஹாம் ஆர்வலர்கள் அதிகம் புழங்கும் அலைவரிசைகளில் ஒன்று 7.1 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 42 மீட்டர். இதற்கு முறையான ஆன்டெனா என்றால் அரை அலை நீளத்துக்கு, அதாவது சுமார் 20 மீட்டருக்கு, ஒரு கம்பியை உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். தென்னந்தோப்பு உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இரண்டு மரமும் ஒரு கயிறும் போதும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு? மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அவருக்கென்று இருப்பது ஆறடி அகல பால்கனி. 42 மீட்டர் அலையை அந்த ஆறடிக்குள் அடக்க முடியுமா என்பதுதான் அவர் முன்னால் நிற்கும் கேள்வி.

வீணை சொல்லும் பாடம்

இதற்கு விடை தேட வீணைப் பட்டறைக்குப் போகலாம். தந்தியை மட்டும் தனியாக இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி மீட்டிப் பாருங்கள். நன்றாக அதிரும், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. தந்தி மெல்லியது. அது முன்னே தள்ளும் காற்று, பின்பக்கம் உண்டாகும் வெற்றிடத்துக்குச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. தள்ளியதும் இழுத்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், எட்டிப் போகும் ஒலி சொற்பம். பலா மரத்தில் குடைந்த குடம் வந்து சேர்ந்த பிறகுதான் அதே அதிர்வு கச்சேரி மண்டபத்தை நிரப்புகிறது.

சின்ன ஆன்டெனாவும் குடமில்லாத தந்திதான். ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்பு வளையத்தில் மின்னோட்டம் சுற்றி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மேலே ஏறும் மின்னோட்டம், எதிர்ப்பக்கம் கீழே இறங்குகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று அழிக்கின்றன. ஒரு பக்கத்து அலை மற்றதைவிட ஒரு மீட்டர் முந்திக் கிளம்புகிறது அல்லவா? 42 மீட்டர் அலையில் அந்த ஒரு மீட்டர் வித்தியாசம் மட்டுமே அழியாமல் மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் வானேறிப் போகும் அலை.

எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறியாளர்கள் கதிர்வீச்சுத் தடை என்ற அளவால் சொல்வார்கள். ஆன்டெனாவிலிருந்து அலையாக வெளியேறும் ஆற்றலை, ஒரு மின்தடையில் செலவாகும் ஆற்றல்போல் பாவித்துக் கணக்கிடும் முறை இது. தடை அதிகமாக இருந்தால் அலை சுலபமாக வெளியேறுகிறது என்று பொருள். தடையில்லா வெளியில் நிற்கும் அரை அலைக் கம்பிக்கு இது சுமார் 73 ஓம். நம் ஒரு மீட்டர் வளையத்துக்கு 7.1 மெகாஹெர்ட்ஸில் வெறும் 0.006 ஓம், அதாவது ஆறு மில்லி ஓம். பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆறு மில்லி ஓமுக்காக ஒரு போராட்டம்

வளையத்துக்குள் போகும் ஆற்றலுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, அலையாகி வானத்துக்குப் போவது. இன்னொன்று, செம்பின் தடையில் சிக்கிச் சூடாகி வீணாவது. எந்த வழியில் தடை எண் பெரிதோ, அந்த வழிக்கே பெரும்பங்கு.

செம்பு நல்ல கடத்திதானே, அதில் என்ன பெரிய தடை இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே போவதில்லை, மேல்தோலிலேயே ஓடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் கனம் சுமார் 25 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. உள்ளே எவ்வளவு செம்பு இருந்தாலும் அதனால் பயனில்லை. அதனால்தான் இங்கே கெட்டிக் கம்பிக்குப் பதில் ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் செம்புக் குழாயை எடுத்துக்கொள்கிறார்கள். குழாய் பருக்கப் பருக்க மேற்பரப்பு கூடும், தடை குறையும்.

22 மில்லிமீட்டர் குழாயில் நம் வளையத்தைச் செய்தால் செம்பின் தடை சுமார் 32 மில்லி ஓம். வானத்துக்கு ஆறு, சூட்டுக்கு 32. கொடுக்கும் ஆற்றலில் 16 சதவீதம்தான் அலையாகிறது. இது கணக்கின்படி கிடைக்கும் உச்சம். மோசமான இணைப்புகளால் இன்னும் 30 மில்லி ஓம் சேர்ந்துவிட்டால் 16 என்பது 9 ஆகிவிடும். வீட்டு ஒயரிங்கில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அளவு அது. இங்கே அது பாதி ஆன்டெனாவை விழுங்குகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் வளையத்தில் திருகாணி போட மாட்டார்கள். ஒவ்வொரு இணைப்பையும் அகலமாகத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, வெள்ளி கலந்த பற்றவைப்பால் ஒட்டுவார்கள்.

விட்டத்தை இரண்டு மீட்டராக்கினால் என்ன ஆகும்? செம்பின் தடை இரு மடங்காகும், கதிர்வீச்சுத் தடையோ 16 மடங்காகும். திறன் 16 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குத் தாவும். வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு 14.1 மெகாஹெர்ட்ஸுக்குப் போனாலும் இதே கதைதான், அங்கே 68 சதவீதம். அலை பாதியானதும் அதே வளையம் அலைக்கு முன்னால் இரு மடங்கு பெரிதாகிவிடுகிறது.

கெபாசிட்டரின் பக்கத்தில்

வளையத்தின் உச்சியில் சிறு இடைவெளி விட்டு, அங்கே ஒரு மாற்றக்கூடிய கெபாசிட்டரைப் பொருத்துகிறார்கள். வளையமும் கெபாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். கீழே, பெரிய வளையத்தின் ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள, சுமார் 20 சென்டிமீட்டர் அளவான குட்டி வளையம் ஒன்று இருக்கும். கேபிள் அதில்தான் வந்து சேர்கிறது. பெரிய வளையத்தைத் தொடாமலே காந்தப்புலம் வழியாக ஆற்றலை அதற்குக் கொடுக்கிறது.

ரேடியோவை 7.1-இல் வைத்துக்கொண்டு கெபாசிட்டரை மெல்லத் திருகுங்கள். முதலில் மந்தமான இரைச்சல் மட்டும் கேட்கும். ஓரிடத்தில் அந்த இரைச்சல் சட்டென்று பொங்கி எழும், ஒரு முடியளவு கூடத் திருகிவிட்டால் அடங்கிப்போகும். அந்தப் பொங்கும் இடம்தான் ஒத்ததிர்வு. கையால் பிடிப்பது கடினம் என்பதால் பலர் பல்சக்கரம் வைத்து, மிக மெதுவாகச் சுழலும் மோட்டாரைப் பூட்டி, தள்ளி உட்கார்ந்து இயக்குகிறார்கள். அருகில் கை போனாலே ஒத்ததிர்வு நகர்ந்துவிடும்.

கையை எட்ட வைப்பதற்கு அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. வெறும் 10 வாட் கொடுத்தாலே இந்த வளையத்தில் சுமார் 16 ஆம்பியர் ஓடுகிறது. 2 கிலோவாட் கீசர் எடுப்பதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு! கெபாசிட்டரின் இரு முனைகளுக்கு நடுவே ஏறும் மின்னழுத்தம் உச்சத்தில் 2,500 வோல்ட். 100 வாட் கொடுத்தால் 8,000 வோல்ட். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, நிலையம் மாற்றும் கெபாசிட்டர் (கேங் கண்டன்சர்) இதைத் தாங்காது, தகடுகளுக்கு இடையே நீலப் பொறி பறக்கும். ஆகவே தகடுகளை அகலமாக இடைவெளி விட்டு அமைக்கிறார்கள், அல்லது வெற்றிடக் குழாய்க்குள் அடைத்த கெபாசிட்டரைப் பயன்படுத்துகிறார்கள். சுழலும் அச்சில் உரசும் தொடர்பு ஒன்று இருந்தால் அதுவே சில மில்லி ஓம்களைத் தின்றுவிடும். மின்னோட்டம் அந்த உரசலைக் கடக்கவே வேண்டாத ‘பட்டாம்பூச்சி’ அமைப்பை இதற்காகவே உருவாக்கினார்கள்.

வீணை உவமை இங்கே மறுபடியும் கைகொடுக்கிறது. குடமில்லாத தந்தி சத்தமாக ஒலிக்காது, ஆனால் ஆற்றல் வெளியேற வழியில்லாததால் நீண்ட நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அப்படி நீண்டு அதிரும் எதுவும் ஒரே சுருதியைத்தான் பிடித்துக்கொள்ளும். நம் வளையம் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் மட்டுமே வேலை செய்கிறது. ஒருவர் பேச்சு அதில் அடங்கும், அவ்வளவுதான். சற்றே நகர்ந்து வேறொருவரோடு பேச வேண்டுமானால் மீண்டும் கெபாசிட்டரைத் திருக வேண்டும்.

தப்பிக்க முடியாத விதி

இந்தக் குறுகிய அகலம் யாரோ ஒருவரின் கைத்திறன் போதாததால் வந்த குறை அல்ல. 1947-இல் ஹெரால்ட் வீலரும், 1948-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லான் ஜென் சூவும் இதை விதியாகவே எழுதி வைத்தார்கள். ஆன்டெனாவைச் சுற்றி ஒரு கற்பனைக் கோளம் வரையுங்கள் என்றார் சூ. கோளம் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால், உள்ளே கம்பியை எப்படி வளைத்தாலும் முறுக்கினாலும் பட்டை அகலத்துக்கு, அதாவது ஒரே நேரத்தில் அது வேலை செய்யும் அதிர்வெண் அகலத்துக்கு, ஓர் உச்சவரம்பு உண்டு. இழப்பே இல்லாத ஆன்டெனாவுக்குக் கோளத்தின் ஆரம் பாதியானால் அந்த வரம்பு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகச் சுருங்கும்.

அளவு, பட்டை அகலம், திறன். இந்த மூன்றில் இரண்டைக் கேட்டால் இயற்கை தரும், மூன்றையும் கேட்டால் தராது. சின்னதாகவும் அகலமாகவும் வேண்டும் என்றால் ஆற்றலைச் சூடாக்கி எரித்தாக வேண்டும். ‘குட்டி ஆன்டெனா, எல்லா அலைவரிசையிலும் அருமையாகப் பொருந்தும்’ என்று யாராவது விற்க வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். மீட்டரில் பொருத்தம் சரியாகக் காட்டுகிறது, அதாவது ஆற்றல் திரும்பி வரவில்லை என்பதாலேயே அலை வெளியேறுகிறது என்று ஆகிவிடாது. ஒரு 50 ஓம் மின்தடையைக் கேபிள் முனையில் மாட்டினால் பொருத்தம் கச்சிதமாக இருக்கும், ஆற்றல் முழுதும் சூடாகிப் போகும்.

16 சதவீதம் போதுமா?

போதும் என்பதுதான் இந்தக் கதையின் மகிழ்ச்சியான பகுதி. வானொலியில் வலிமையை மடங்குகளால்தான் உணர்கிறோம். ஆற்றல் ஆறில் ஒன்றாகக் குறைந்தாலும், எதிர்முனையில் இருப்பவரின் சமிக்ஞை மீட்டரில் முள் ஒன்றேகால் கோடு அளவுக்குத்தான் இறங்கும். அயனி மண்டலம் ஒத்துழைக்கும் மாலையில் அது பெரிய இழப்பல்ல. மோர்ஸ் தந்தி மொழியோ, 2017-இல் வந்த எஃப்டி8 போன்ற குறுகிய டிஜிட்டல் முறைகளோ இருந்தால் இன்னும் சுலபம். எஃப்டி8-க்குத் தேவைப்படும் அகலம் சுமார் 50 ஹெர்ட்ஸ்தான். வளையத்தின் குறுகிய வாசல் அதற்குத் தாராளம்.

கேட்பதற்கு ஏன் சின்னக் கம்பி போதும் என்பதும் இப்போது விளங்கும். உலகெங்கும் வெட்டும் மின்னல்களின் இரைச்சல் சிற்றலையில் எப்போதும் நிறைந்திருக்கிறது. ஆன்டெனா சிறுத்தால் குரலும் குறைகிறது, கூடவே அந்த இரைச்சலும் அதே அளவு குறைகிறது. இரண்டின் விகிதம் மாறாததால் ரேடியோ பெருக்கிக்கொள்கிறது. அனுப்பும்போதோ, செம்பில் எரிந்துபோனதை எவரும் மீட்டுத் தர முடியாது.

நகரத்தில் வளையத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் சிற்றலையில் கரகரவென்று குப்பை கொட்டுகின்றன. வளையம் தன் தளத்தின் திசையில்தான் நன்றாகக் கேட்கும், வளையத்தின் முகம் பார்க்கும் திசையில் கிட்டத்தட்டச் செவிடு. முகத்தை அந்தப் பக்கத்து வீட்டின் பக்கம் திருப்பினால் இரைச்சல் வெகுவாக அடங்கும். வானத்திலிருந்து இறங்கி வரும் தொலைதூரக் குரல் மட்டும் நிற்கும். இழுத்துக் கட்டிய நீளக் கம்பியை இப்படி நினைத்தபோது திருப்ப முடியாது.

அலை அனுப்ப அரசின் அமெச்சூர் உரிமம் கட்டாயம், அதற்குத் தேர்வு எழுத வேண்டும். இளைஞர்கள் அதை எழுத வேண்டும் என்பது என் ஆசை. பாடப் புத்தகத்தில் மின்தடை என்று ஒரு வரியில் படித்தது, மில்லி ஓம் மில்லி ஓமாகக் கையில் வந்து சேரும் இடம் இது. அன்று ஜன்னலோரம் ஏரியலைச் சாய்த்துப் பிடித்து நாம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம். இன்று அதே ஜன்னலோரம் ஒரு செம்பு வளையம் நின்றால் கடலுக்கு அப்பாலிருந்து வரும் குரலுக்கு, பத்து வாட்டில், பதில் சொல்லலாம்.