இணைய வாசலுக்கும் காவல் வேண்டும்



இரவில் கடையைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் நாம் வீடு செல்கிறோம். ஆனால், இரவு பகலாகத் திறந்தே கிடக்கும் இன்னொரு வாசல் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதுதான் எமது இணையத்தளத்திலுள்ள 'எம்மைத் தொடர்பு கொள்ள' என்ற படிவம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எனது தளத்திலும் அப்படியொரு படிவம் இருந்தது. வெளிநாட்டிலிருக்கும் யாழ்ப்பாணத்தவர்கள் அதன் மூலம் விலை கேட்டு எழுதுவார்கள். பிறகு 'கடன் தருகிறோம்', 'மருந்து விற்கிறோம்' என்று குப்பைகள் வந்து குவிந்தன. அலுத்துப்போய் ஒருநாள் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தேன். கனடாவிலிருந்து வந்த ஒரு கலியாண வீட்டு ஓடரும் அதோடு போய்விட்டது. அவர் போன் எடுத்து, "பதில் போடவும் மனமில்லையா?" என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. போனது ஓடர் மட்டுமல்ல, கடையின் பெயரும்தான்.

இக்குப்பைகளில் பெரும்பாலானவற்றை மனிதர்கள் உட்கார்ந்து எழுதுவதில்லை. 'பொட்' எனப்படும் தானியங்கி நிரல்கள் தளம் தளமாகச் சென்று, படிவத்தைக் கண்டதும் நிரப்பி அனுப்புகின்றன.

மின்னஞ்சலால் பெட்டியை நிரப்பும் வேலை எமது நாட்டுக்குப் புதிதல்ல. 1998 இல் 'இன்டர்நெட் பிளக் டைகர்ஸ்' என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் வீதம் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அனுப்பப்பட்டன. அங்கே நோக்கம் அரசியல். எமக்கு வருவதன் நோக்கம் பணம். ஆனால் விளைவு ஒன்றுதான். உண்மையான கடிதம் குப்பைக்குள் புதைந்து விடுகிறது.

இதற்குப் பரிகாரம் என்ன?

முதலாவது, பொறிக் கட்டம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் ஒளித்து வைப்பது. வாடிக்கையாளர் அதை நிரப்ப மாட்டார். பொட் கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பும். நிரம்பி வந்தால் அது குப்பை. இதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, நேரக் கணக்கு. பெயரும் செய்தியும் எழுத மனிதருக்குச் சில விநாடிகளாவது வேண்டும். பக்கம் திறந்து ஒரு விநாடியில் வந்த படிவத்தைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, கப்ட்சா. கோணல் எழுத்தை வாசிக்கச் சொல்லும் இச்சோதனையை 2000 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினர். அங்கு பிறந்த ரீகப்ட்சாவை 2009 இல் கூகிள் வாங்கியது. 2022 இல் கிளவுட்பிளேர் நிறுவனம் புதிர் எதுவும் கேட்காத 'டேர்ன்ஸ்டைல்' என்ற இலவச முறையைக் கொண்டு வந்தது. எனினும், கூலிக்கு ஆள் வைத்துக் கப்ட்சாவைத் தீர்க்கும் தொழில் இந்தியாவில் நடப்பதாக 2008 இலேயே செய்திகள் வெளியாகின. ஆகவே இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். புதிர் கடினமானால் நல்ல வாடிக்கையாளரும் திரும்பிப் போய்விடுவார்.

நான்காவது, மிக முக்கியமானது. மின்னஞ்சல் முகவரிக் கட்டத்தில் மேலதிக வரிகளைச் செருகி, உங்கள் படிவத்தைக் கொண்டே ஊரெல்லாம் குப்பை அனுப்ப முடியும். அப்போது உங்கள் முகவரி கறுப்புப் பட்டியலில் விழும். நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியல்கூட வாடிக்கையாளரின் பெட்டிக்குப் போய்ச் சேராது. அக்கட்டத்தில் ஒரு வரிக்கு மேல் வந்தால் ஏற்காதபடி செய்ய வேண்டும். இச்சோதனை சேவர் கணினியிலேயே நடக்க வேண்டும்.

தளம் செய்து தந்த தம்பியிடம் இந்த நான்கையும் கேளுங்கள். சந்தேகமானவற்றை அழிக்காமல் வேறொரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அதைக் கிளறிப் பாருங்கள். படிவத்துக்குப் பக்கத்திலேயே கடையின் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு வையுங்கள்.

நான் இதையெல்லாம் ஓடர் ஒன்றை இழந்த பிறகுதான் செய்தேன். நீங்கள் அதற்கு முன்னரே செய்து கொள்ளுங்கள்.