வில்லியனூர் மாதாவும் உயிர்ப்புக் கால வெற்றியும்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1877இல் எழுந்த தூய லூர்து அன்னை ஆலயத்தின் ஆண்டுத் திருவிழாவுக்கு, லூர்து அன்னைக்கெனத் திருச்சபை குறித்துள்ள பிப்ரவரி 11ஆம் நாளில் அன்றி, உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வரும் சனிக்கிழமையில் கொடியேறுகிறது. சுற்றிலும் உள்ள சிற்றூர்களிலிருந்து பிற சமயத்தாரும் நேர்த்திக்கடனோடு நாடி வரும் 'வில்லியனூர் மாதா'வின் விழா, இவ்வாறு பாஸ்கா காலத்துக்குள், அதாவது சாவின்மீது கிறிஸ்து கொண்ட வெற்றியைக் கொண்டாடும் ஐம்பது நாள்களுக்குள், அமைந்துவிடுகிறது. நம்பிக்கையால் வரும் வெற்றி என்று கிறிஸ்தவ மறை எதைச் சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்த அமைப்பே வழிகாட்டுகிறது.

உலகை வெல்வது நம்பிக்கையே என்னும் கருத்து யோவானின் முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் வருகிறது. உலகு என அங்கே குறிக்கப்படுவது மண்ணும் மக்களும் அல்ல, கடவுளை ஒதுக்கி வாழத் தூண்டும் ஆசையும் செருக்குமே. அந்த வெற்றியைக் கிறிஸ்து முன்னரே ஈட்டிவிட்டார் என்றும், நம்புகிறவர் அதை அருளாக, அதாவது தகுதி பாராமல் தரப்படும் கொடையாக, பெற்று அதில் பங்குகொள்கிறார் என்றும் திருச்சபை கற்பிக்கிறது. ஆனால் உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவில் எரியும் திரியை ஏந்தி, அலகையை விட்டுவிடுவதாகத் திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கும் விசுவாசி அடுத்த ஆண்டும் அதையே சொல்ல வேண்டியிருப்பதால், உள்ளத்துப் போராட்டம் ஒரே நாளில் ஓய்வதாகவும் திருச்சபை கருதவில்லை.

அந்த இரவில் ஏற்றப்படும் பெரிய பாஸ்கா திரியை அருகில் சென்று பார்ப்பவர், அதன் உடலில் சிலுவை வடிவில் பதிக்கப்பட்ட ஐந்து சாம்பிராணி மணிகளைக் காணலாம். அவை கிறிஸ்துவின் ஐந்து காயங்களைக் குறிப்பவை. உயிர்த்தவரின் உடலிலும் காயங்கள் மறையவில்லை என்பதைச் சொல்லும் இந்தச் சிறு மணிகள், நீண்ட மறையுரைகள் பலவற்றைவிடத் தெளிவானவை. தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டிய திருத்தூதர் பவுலுக்கும் முள் நீங்கவில்லை, அதைத் தாங்குவதற்கான அருளே கிடைத்தது.

துன்பம் நீங்காமலே அருள் கிடைக்கும் என்பதற்கு, இந்த மாதாவுக்குப் பெயர் தந்த லூர்து நகரே பெரிய சான்று. 1858இல் அங்கே அன்னை மரியாவின் காட்சி கண்டு, நோயாளிகள் நாடும் நீரூற்றை வெளிக்கொணர்ந்த சிறுமி பெர்னதெத், வில்லியனூர் ஆலயம் எழுந்த ஆண்டில் பிரான்சின் நெவேர் நகர்க் கன்னியர் மடத்தில் ஆஸ்துமாவாலும் எலும்புருக்கி நோயாலும் வாடிக்கொண்டிருந்தார். 1879 ஏப்ரல் 16 அன்று, உயிர்ப்பு விழாவை அடுத்த புதன்கிழமை, தம் 35ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்த ஊற்று தமக்கானது அன்று என்பதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். லூர்தில் நிகழ்ந்த நோய்நீக்கங்களுள் திருச்சபை அதிகாரபூர்வமாகப் புதுமை என ஒப்புக்கொண்டவையும் இன்றுவரை எழுபதைச் சற்றே தாண்டியுள்ளன. கோடிக்கணக்கில் வந்து சென்ற திருப்பயணிகளோடு ஒப்பிட்டால் இது மிகமிகக் குறைவு.

1886இல் திருத்தந்தை 13ஆம் லியோவின் இசைவுடன் முடிசூட்டப்பட்ட வில்லியனூர் மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுவோரில் கேட்டது கிடைத்தவர் உண்டு, கிடைக்காமலே ஆண்டுதோறும் வருபவரும் உண்டு. தேர்பவனிக் கூட்டத்தைக் கொண்டு மட்டும் இத்தலத்தை அளப்போர், இவ்விருவருள் இரண்டாமவரிடம் உள்ள நம்பிக்கையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.